சிக்னல் லேட்டாகுறது வேற, கடிகாரம் ஸ்லோவாகுறது வேற

2014 செப்டம்பர் 24 காலைல மங்கள்யான் செவ்வாய்கிட்ட போய்ச் சேர்ந்தத நிறைய பேர் டிவில லைவா பாத்திருப்பீங்க, பெங்களூர்ல இஸ்ரோ கண்ட்ரோல் ரூம்ல பிரதமர்லேர்ந்து எல்லாரும் ஸ்கிரீனயே பாத்துட்டு உக்காந்திருந்தாங்க. ஆனா அந்த லைவ் உண்மைல லைவ் கிடையாது. அங்க விண்கலத்தோட மெயின் எஞ்சின் எரிய ஆரம்பிச்சது நம்ம கடிகாரப்படி காலைல 7:17க்கு, அது எரிய ஆரம்பிச்சிருச்சுங்கிற தகவல் இங்க வந்து சேர்ந்தது 7:30 வாக்குல. நடுவுல பன்னெண்டரை நிமிஷம், ஏன்னா அன்னைக்கு நமக்கும் அதுக்கும் நடுவுல 22 கோடி கிலோமீட்டருக்கு மேல தூரம், ரேடியோ சிக்னலும் ஒளி வேகத்துலதான் வரும், அதுக்கு மேல ஒரு அடி கூட சீக்கிரம் வராது.

எஞ்சின் எரிய வேண்டிய மொத்த நேரமே சுமார் 24 நிமிஷம்தான்றத யோசிச்சுப் பாருங்க. முதல் தகவல் நமக்கு வரும்போதே அங்க பாதி வேலை முடிஞ்சிருச்சு. ஏதோ தப்பா போகுதுன்னு இங்கேர்ந்து உடனே ஒரு கட்டளை அனுப்பினாலும் அது போய்ச் சேர இன்னொரு பன்னெண்டரை நிமிஷம், ஆக மொத்தம் 25, அதுக்குள்ள கதையே முடிஞ்சிருக்கும். போதாக்குறைக்கு நடுவுல விண்கலம் செவ்வாய்க்குப் பின்னாடி மறைஞ்சிருச்சு, சிக்னலே கட். எட்டு மணி வாக்குலதான் சக்சஸ்னு உறுதியாச்சு. அதனாலதான் எல்லா கட்டளையையும் சில நாள் முன்னாடியே ஏத்தி வச்சு, பிரச்சனை வந்தா நீயே சமாளிச்சுக்கோன்னு விட்டுட்டாங்க. திட்ட இயக்குநர் சுப்பையா அருணன் நம்ம திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், கிட்டத்தட்ட 300 நாள் தூங்கிட்டிருந்த எஞ்சின ரெண்டு நாள் முன்னாடி நாலே நாலு செகண்ட் எரிச்சு டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டு அன்னைக்கு அந்த ரூம்ல உக்காந்திருந்தவங்களோட டென்ஷன நினைச்சா இப்பவும் வயித்த கலக்குது.

சரி, இப்ப விஷயத்துக்கு வருவோம். இந்த மாதிரி ஒரு செய்தி வந்தாலே நம்ம ஆளுங்க உடனே "பாத்தியா, அங்க நேரம் வேற மாதிரி ஓடுது, ஐன்ஸ்டீன் சொன்னது இதான்"னு ஆரம்பிச்சிடுறாங்க. இல்லைங்க. அந்த பன்னெண்டரை நிமிஷம் சுத்தமான தூரக் கணக்கு, அதுல ஐன்ஸ்டீனுக்கு வேலையே இல்ல. மங்கள்யான்ல இருந்த கடிகாரமும் பெங்களூர் கடிகாரமும் ஓடுற வேகத்துல இருந்த வித்தியாசம் மனுஷனுக்குத் தெரியவே தெரியாத அளவுக்கு சின்னது. சிக்னல் லேட்டாகுறது ஒரு கதை, கடிகாரமே வேற வேகத்துல ஓடுறது இன்னொரு கதை. ரெண்டையும் ஒரே பாத்திரத்துல போட்டுக் கிண்டுறதாலதான் இந்த சப்ஜெக்ட் யாருக்கும் புரியாம போகுதுன்னு நான் நினைக்கிறேன்.

முதல் கதை ரொம்பப் பழசு, ஐன்ஸ்டீனுக்கு 200 வருஷத்துக்கும் மேல முன்னாடியே தெரிஞ்சது. பாரிஸ் வானியல் ஆய்வகத்துல வேலை பாத்த ஓலே ரோமர்னு ஒரு டென்மார்க்காரர், வியாழனோட நிலா ஐயோவ கவனிச்சிட்டிருந்தார். ஐயோ சுமார் நாப்பத்திரண்டரை மணி நேரத்துக்கு ஒருதடவை வியாழன சுத்தும், ஒவ்வொரு சுத்துலயும் நிழலுக்குள்ள போய் வெளிய வரும், கடிகாரம் மாதிரி கரெக்டா நடக்க வேண்டிய விஷயம். ஆனா பூமி வியாழன விட்டு விலகிப் போற மாசங்கள்ல அது கொஞ்சம் கொஞ்சமா லேட்டாகுது, நெருங்கி வர்ற மாசங்கள்ல சீக்கிரமாகுது. 1676 செப்டம்பர்ல ரோமர் தைரியமா சொன்னார், வர்ற நவம்பர் 9ஆம் தேதி ஐயோ நிழல்லேர்ந்து வெளிய வர்றது வழக்கமான கணக்க விட 10 நிமிஷம் லேட்டாகும்னு. அதே மாதிரி ஆச்சு. ஐயோ ஒண்ணும் சோம்பேறியாகல, ஒளிதான் கூடுதல் தூரத்தக் கடந்து வர டைம் எடுத்துக்குதுன்னு அவர் புரிஞ்சுக்கிட்டார். பூமியோட சுத்துப்பாதைய குறுக்கா கடக்க ஒளிக்கு 22 நிமிஷம் ஆகும்னு கணக்குப் போட்டார், சரியான விடை 16 நிமிஷம் 40 செகண்ட் வாக்குல. அந்தக் காலத்துக் கருவிங்கள வச்சு இவ்ளோ கிட்ட வந்ததே பெருசு, ஆனாலும் அவரோட பெரிய தலை காசினி கடைசி வரைக்கும் இத முழுசா ஒத்துக்கலைங்கிறது தனி சோகம்.

இந்த தாமதத்த இன்னைக்கு நாசாக்காரங்க அளவுக்கு அனுபவிக்கிறவங்க யாரும் இல்ல. வாயேஜர் 1 விண்கலம், 1977ல கிளம்பினது, 2023 நவம்பர்ல திடீர்னு அர்த்தமில்லாத டேட்டாவா அனுப்ப ஆரம்பிச்சுது. உள்ள ஒரு கம்ப்யூட்டரோட மெமரில ஒரே ஒரு சிப் போயிடுச்சு. அங்க போய் மாத்த முடியாது, அதனால அந்த சிப்ல இருந்த கோட துண்டு துண்டா வெட்டி மெமரில வேற வேற இடத்துல சொருகுற மாதிரி எழுதி, 2024 ஏப்ரல் 18 அன்னைக்கு அனுப்பினாங்க. 2,400 கோடி கிலோமீட்டர், போக இருபத்திரண்டரை மணி நேரம், பதில் வர இருபத்திரண்டரை மணி நேரம். ஏப்ரல் 20ஆம் தேதிதான் வொர்க் ஆயிடுச்சுன்னு தெரிஞ்சுது. ஒரு எண்டர் தட்டிட்டு ரெண்டு நாள் காத்திருக்கிற புரோகிராமர் வேலை, அதுவும் 46 வருஷப் பழைய கம்ப்யூட்டர்ல. 2026 நவம்பர் வாக்குல அது ஒரு முழு ஒளி-நாள் தூரத்த தொட்டுடும், அதாவது இன்னைக்கு குட் மார்னிங் சொன்னா அதுக்கு நாளைக்கு காலைலதான் கேக்கும்.

இது எல்லாமே தூரம் வகுத்தல் வேகம், அவ்ளோதான். எட்டாங்கிளாஸ் கணக்கு. இதுல புதிர் எதுவும் கிடையாது.

புதிர் எங்க ஆரம்பிக்குதுன்னா அந்த வேகம் மாறவே மாட்டேங்குதுங்கிறதுல. ஓடுற ரயில்ல ஒருத்தர் எஞ்சின் பக்கமா நடந்து போனா பிளாட்பாரத்துல நிக்கிறவருக்கு ரயில் வேகமும் நடை வேகமும் சேர்ந்துதான் தெரியும், இது நமக்கு பழக்கம். ஒளி இந்தக் கணக்குக்கு வரல. 1887ல அமெரிக்காவுல கிளீவ்லாந்துல மைக்கேல்சனும் மோர்லியும் பூமி சூரியன சுத்தி செகண்டுக்கு 30 கிலோமீட்டர் ஓடுறத ஒளியோட வேகத்துல கண்டுபிடிக்கலாம்னு ஒரு பரிசோதனை பண்ணாங்க. கருவிய எந்தப் பக்கம் திருப்பி வச்சாலும் எதிர்பார்த்த வித்தியாசம் வரல. நீங்க ஒளிய நோக்கி ஓடினாலும் விலகி ஓடினாலும் உங்க கைல இருக்கிற அளவுகோலுக்கும் கடிகாரத்துக்கும் அது செகண்டுக்கு 29,97,92,458 மீட்டர்தான். 1983லேர்ந்து இந்த எண்ண அளக்குறதையே நிறுத்திட்டு இதான்னு ஃபிக்ஸ் பண்ணிட்டாங்க, இப்ப மீட்டருங்கிறதே இதுலேர்ந்துதான் வருது.

வேகம்னா தூரம் வகுத்தல் நேரம். எல்லாருக்கும் விடை ஒண்ணா வரணும்னா தூரமும் நேரமும் ஆளுக்கு ஆள் விட்டுக்கொடுத்தே ஆகணும். 1905ல ஐன்ஸ்டீன் புடிச்ச பாயிண்ட் இதான், அவரோட சார்பியல் கொள்கை ஆரம்பிச்சதே இங்கதான். எதிரெதிரா ரெண்டு கண்ணாடி, நடுவுல ஒரு ஒளித்துளி மேலயும் கீழயும் குதிக்குது, ஒவ்வொரு குதியும் ஒரு டிக்னு வச்சுக்கங்க. இத ஒரு ராக்கெட்ல ஏத்தி பக்கவாட்டுல ஓட்டினா உள்ள இருக்கிறவருக்கு ஒளி நேரா மேல கீழதான் போகும், வெளிய நிக்கிற நமக்கு அது சாய்வா, நீளமான பாதைல போகும். பாதை நீளம், வேகம் அதே, அப்ப ஒவ்வொரு டிக்கும் நமக்கு ஸ்லோவாதான் வரணும். கண்ணாடிக் கடிகாரம் மட்டும் இல்ல, ராக்கெட்ல இருக்கிற அணுக் கடிகாரம், இதயத் துடிப்பு, தாடி வளர்றது எல்லாமே அதே அளவுக்கு ஸ்லோ. உள்ள இருக்கிறவருக்கு எதுவுமே தெரியாது, அவருக்கு எல்லாம் நார்மல்.

எவ்ளோ ஸ்லோன்னா, ஒளி வேகத்துல 87 சதவீதம் போனா பாதி. 99.9 சதவீதம் போனா 22ல ஒரு பங்கு. இந்த வேகத்துல ராக்கெட் எதுவும் போகல, ஆனா துகள்கள் போகுது, அதுக்கு ஆதாரம் ஊட்டிலயே இருக்கு. விண்வெளிலேர்ந்து வர்ற காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்துல மோதும்போது சுமார் 15 கிலோமீட்டர் உயரத்துல மியூவான்னு ஒரு துகள் உருவாகும். அதோட சராசரி ஆயுசு 2.2 மைக்ரோசெகண்ட். ஒளி வேகத்துலயே ஓடினாலும் அந்த ஆயுசுல 660 மீட்டர்தான் தாண்டும், அப்ப தரைக்கு வரவே கூடாது. ஆனா வருது, கொட்டோ கொட்டுன்னு கொட்டுது, இத படிக்கிற நேரத்துல உங்க உடம்பு வழியாவும் போயிட்டிருக்கு. ஏன்னா நம்ம கணக்குல அதோட கடிகாரம் 22 மடங்கோ அதுக்கு மேலயோ ஸ்லோ, அதனால 15 கிலோமீட்டர் ஓடி வர்ற அளவுக்கு தாக்குப்பிடிக்குது. ஊட்டில 2,200 மீட்டர் உயரத்துல இருக்கிற கிரேப்ஸ்-3 ஆய்வகத்துல 560 சதுர மீட்டருக்கு மியூவான் டெலஸ்கோப்னு போட்டு இதுங்களத்தான் ராப்பகலா எண்ணிட்டிருக்காங்க. இங்க கவனிக்க வேண்டியது, மியூவானோட பார்வைல அதோட ஆயுசு நீளவே இல்ல, அதே 2.2தான், அதுக்கு நம்ம வளிமண்டலம்தான் சுருங்கிப்போய் சில நூறு மீட்டரா தெரியும். ரெண்டு பேரும் வேற வேற கணக்கு சொல்லி ஒரே முடிவுக்கு வர்றாங்க.

நடுவுல ஒண்ணு சொல்லிடறேன், "அப்ப ஒளிக்கு நேரமே ஓடாதா?"ன்னு தவறாம ஒருத்தர் கேப்பார். ஒளியோட கூடவே உக்காந்து பயணம் பண்ற மாதிரி ஒரு கண்ணோட்டமே இந்தக் கொள்கைல கிடையாது, அதனால ஒளியோட கடிகாரம் என்ன காட்டும்ங்கிற கேள்விக்கு அர்த்தம் இல்ல. கேக்க நல்லா இருக்கும், அவ்ளோதான். இன்னொண்ணு, இந்த வேகம் ஒளிக்கு மட்டும் சொந்தமானதும் இல்ல. 2017 ஆகஸ்ட் 17ல ரெண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் மோதின ஈர்ப்பு அலை (ஒளி இல்ல, இடமே அதிர்ந்து பரவுற அலை) வந்து 1.7 செகண்ட் கழிச்சு அதே இடத்துலேர்ந்து காமா கதிர் (இது ஒளியோட ஒரு வகை) வந்துச்சு, சுமார் 13 கோடி வருஷம் ஓடி வந்த பந்தயத்துல ரெண்டு செகண்ட் கூட வித்தியாசம் இல்ல. அதனால இத இந்தப் பிரபஞ்சத்தோட ஸ்பீட் லிமிட்னு சொல்றதுதான் சரி, நிறை இல்லாததுனால ஒளி அந்த லிமிட்ல ஓடுது.

இப்ப ஈர்ப்பு. வேகம் கடிகாரத்த ஸ்லோவாக்கும், பாதி பேருக்கு இது மட்டும் தெரியும், அதனால "ஸ்பேஸ்க்கு போனா வயசு குறையும்"னு ஒரு பொது முடிவுக்கு வந்திடுறாங்க. ஆனா ஈர்ப்பும் கடிகாரத்த ஸ்லோவாக்கும், பூமிய விட்டு மேல போகப் போக அந்தப் பிடி குறையுது, அதனால மேல இருக்கிற கடிகாரம் ஃபாஸ்ட். மாடில இருக்கிறவருக்கு கீழ் வீட்டுக்காரர விட வேகமா வயசாகும். இது கிண்டல் இல்ல, டோக்கியோ ஸ்கைட்ரீ டவர்ல 450 மீட்டர் உயரத்துல ஒரு கடிகாரம் கீழ ஒரு கடிகாரம் வச்சு அளந்து 2020ல வெளியிட்டாங்க, மேல உள்ளது ஒரு நாளைக்கு 4 நானோசெகண்டுக்கு கொஞ்சம் மேல ஃபாஸ்ட்.

ஆக விண்வெளில ரெண்டு விஷயம் எதிரெதிரா இழுக்குது, வேகம் ஸ்லோவாக்குது, உயரம் ஃபாஸ்ட்டாக்குது, யார் ஜெயிக்கிறாங்கங்கிறது எவ்ளோ உயரத்துல சுத்துறோம்ங்கிறத பொறுத்தது. இதான் இந்த மொத்த சப்ஜெக்ட்லயே எனக்குப் பிடிச்ச இடம். சர்வதேச விண்வெளி நிலையம் 400 கிலோமீட்டர் உயரத்துல செகண்டுக்கு 7.66 கிலோமீட்டர் வேகத்துல சுத்துது, அங்க வேகம் ஜெயிக்குது, ஆறு மாசம் இருந்துட்டு வர்றவர் சுமார் 0.005 செகண்ட் இளமையா இறங்குறார். மேல போகப் போக சுத்துற வேகம் குறையும், ஈர்ப்பும் குறையும், ஏறக்குறைய 3,200 கிலோமீட்டர் உயரத்துல ரெண்டும் டை ஆகி அங்க சுத்துற சாட்டிலைட்டோட கடிகாரம் தரைல இருக்கிறது மாதிரியே ஓடும். அதுக்கு மேல போனா கடிகாரம் நம்மள விட ஃபாஸ்ட். அதனால "விண்வெளில நேரம் மெதுவா ஓடுமா"ன்னு யாராவது கேட்டா எந்த உயரத்துல, யாரோட கடிகாரத்தோட ஒப்பிட்டுன்னு திருப்பிக் கேளுங்க.

ஜிபிஎஸ் சாட்டிலைட்டுங்க 20,200 கிலோமீட்டர் உயரத்துல இருக்கு, அதுங்க கடிகாரம் காட்டுற நேரத்த வச்சுத்தான் உங்க போன் தூரத்த கணக்குப் போடுது. வேகத்தால ஒரு நாளைக்கு 7 மைக்ரோசெகண்ட் ஸ்லோ, உயரத்தால 45 ஃபாஸ்ட், நிகரமா 38 ஃபாஸ்ட். 1977ல இதுக்கு முன்னோட்டமா என்டிஎஸ்-2ன்னு ஒரு சாட்டிலைட்ட சீசியம் அணுக் கடிகாரத்தோட அனுப்பும்போது, இந்த சார்பியல் திருத்தம் உண்மையிலேயே தேவையான்னு எஞ்சினியர்கள் நடுவுல ஒரு சந்தேகம் இருந்துச்சு. அதனால திருத்தத்துக்கான சுவிட்ச உள்ள வச்சு, ஆனா ஆஃப் பண்ணியே அனுப்பிட்டாங்க. சுமார் 20 நாள் பாத்தாங்க. கடிகாரம் லட்சம் கோடில 442 பங்கு ஃபாஸ்ட்டா ஓடுச்சு, கொள்கை சொன்னது 446. சுவிட்ச ஆன் பண்ணிட்டாங்க. அதுக்கப்புறம் வந்த ஜிபிஎஸ் கடிகாரங்கள எல்லாம் தரைலயே கொஞ்சம் ஸ்லோவா செட் பண்ணித்தான் அனுப்புறாங்க, மேல போனதும் சரியாயிடும்.

இந்த திருத்தம் இல்லாட்டி ஒரு நாளைக்கு 11 கிலோமீட்டர் தப்பு வரும்னு எல்லா கட்டுரைலயும் போடுவாங்க, 38 மைக்ரோசெகண்ட ஒளி வேகத்தால பெருக்கினா அந்த எண் வரும், சரிதான். ஆனா உங்க போன் நாலு சாட்டிலைட்டோட சிக்னல ஒண்ணா வச்சு தன்னோட கடிகாரப் பிழையையும் சேர்த்தே கண்டுபிடிக்குது, எல்லா சாட்டிலைட்டும் ஒரே அளவு தப்பா ஓடினா அந்தப் பொதுத் தப்பு பெரும்பாலும் அடிபட்டுப் போயிடும். அதனால மறுநாளே மேப் உங்கள 11 கிலோமீட்டர் தள்ளி இறக்கிவிடும்னு சொல்றது கொஞ்சம் மிகை. உண்மையான ஆபத்து, ஒவ்வொரு சாட்டிலைட்டும் கொஞ்சம் வேற வேற அளவுல தப்பா ஓடும்போதும், பூமி நேரத்தோட ஒத்துப்போக வேண்டிய பேங்க், மின்சார கிரிட், டெலிகாம் மாதிரி இடங்கள்லயும்தான். கடிகாரம் எவ்ளோ முக்கியம்னு நமக்கே சூடு பட்ட அனுபவம் இருக்கு, ஜிபிஎஸ் மாதிரியே நம்ம நாட்டோட சொந்த வழிகாட்டி சாட்டிலைட்டுங்களான நாவிக் வரிசைல ஐஆர்என்எஸ்எஸ்-1ஏ சாட்டிலைட்ல இருந்த மூணு அணுக் கடிகாரமும் போனதும், அது மேல நல்லா சுத்திட்டிருந்தும் வழிகாட்டுற வேலைக்கு உதவாமப் போச்சு. அதே வரிசைல 2023 மே 29ல போன என்விஎஸ்-01லதான் உள்நாட்டுல செஞ்ச ரூபிடியம் அணுக் கடிகாரம் ஏறுச்சு.

சரி, லேட்டாகுறதும் ஸ்லோவாகுறதும் எங்கயாவது கலக்குமான்னா, கலக்கும். சிக்னல் சூரியன உரசுற மாதிரி கிட்ட போயிட்டு வந்தா வெறும் தூரக் கணக்குக்கு மேல கொஞ்சம் லேட்டாகும்னு 1964ல இர்வின் ஷபீரோ சொன்னார். செவ்வாய் சூரியனுக்கு அந்தப் பக்கம் இருக்கும்போது போய்த் திரும்ப 200 மைக்ரோசெகண்டுக்கு மேல கூடுதல். அங்க போய் அளந்தா ஒளி அதே பழைய வேகத்துலதான் போகும், ஆனா சூரியன் பக்கத்துல நேரமும் இடமும் வளைஞ்சு கிடக்குறதால தூரத்துலேர்ந்து பாக்குற நமக்கு அது லேட். 2002ல சனிக்குப் போயிட்டிருந்த காசினி விண்கலத்தோட சிக்னல வச்சு சோதிச்சப்ப ஐன்ஸ்டீன் கணக்கு லட்சத்துல ரெண்டு பங்கு துல்லியத்துக்கு சரியா வந்துச்சு. (அதே காசினியோட பேருதான், ரோமர ஒத்துக்காதவரோட பேரு.)

இன்னும் தூரம் போனா பிரபஞ்சமே விரியுறதால வேற ஒரு இழுப்பு வருது. ஒரு குறிப்பிட்ட வகை சூப்பர்நோவா எல்லாம் கிட்டத்தட்ட ஒரே வேகத்துல பளிச்சுன்னு ஏறி மங்கும். அது கிளம்பினதுக்கப்புறம் பிரபஞ்சம் ரெண்டு மடங்கு விரிஞ்சிருந்தா 20 நாள்ல மங்க வேண்டியது நமக்கு 40 நாள் எடுத்துக்கும். சிலில இருக்கிற டெலஸ்கோப்ல புடிச்ச ஏறக்குறைய 1,500 சூப்பர்நோவாவ வச்சு 2024ல இத ரொம்ப துல்லியமா காட்டிட்டாங்க. அங்க வெடிப்பு அதோட வேகத்துலதான் நடந்துச்சு, படம்தான் நமக்கு ஸ்லோ மோஷன்ல வருது. பிரபஞ்சத்துக்கு வயசு 1,380 கோடி வருஷம்தான், ஆனா நாம பாக்கக்கூடிய எல்லை இன்னைக்கு சுமார் 4,600 கோடி ஒளியாண்டு தூரத்துல இருக்குன்னு சொல்றப்ப குழம்புறதும் இதனாலதான், ஒளி லிமிட்ட மீறல, அது ஓடி வர்ற நேரத்துல பின்னாடி பாதை விரிஞ்சிக்கிட்டே போயிருச்சு.

இப்ப இது அரசாங்க ஃபைல் வரைக்கும் வந்தாச்சு. 2024 ஏப்ரல்ல அமெரிக்க வெள்ளை மாளிகை நாசாகிட்ட 2026 முடியுறதுக்குள்ள சந்திரனுக்குன்னு ஒரு நேரம் உருவாக்க திட்டம் கொடுங்கன்னு சொல்லிருக்கு. சந்திரன்ல ஈர்ப்பு கம்மி, அதனால அங்க கடிகாரம் ஒரு நாளைக்கு 56லேர்ந்து 59 மைக்ரோசெகண்ட் வரைக்கும் ஃபாஸ்ட்டா ஓடும்னு கணக்கு, அதுவும் சந்திரன் பூமிய சுத்துற பாதை முழு வட்டம் இல்லாததால ஒரே சீரா இருக்காது, ஏறி இறங்கும். பூமி நேரத்த அப்படியே அங்க கொண்டுபோய் மாட்டினா ஒத்துவராது, சந்திரன சுத்துற சாட்டிலைட்டும் கீழ இறங்குற லேண்டரும் ஆளுக்கொரு நேரம் வச்சிருந்தா ஒவ்வொரு மைக்ரோசெகண்ட் வித்தியாசத்துக்கும் இருக்கிற இடம் 300 மீட்டர் தள்ளித் தெரியும். இங்க பூமில உலக நேரம்ங்கிறதே பல நாட்டு ஆய்வகங்கள்ல ஓடுற நூத்துக்கணக்கான அணுக் கடிகாரங்களோட சராசரிதான், பாரிஸ் பக்கத்துல ஒரு ஆபீஸ்ல கணக்குப் போட்டு வெளியிடுறாங்க. சந்திரன்ல அந்த மாதிரி சராசரி எடுக்க முதல்ல நாலு நல்ல கடிகாரமாவது அங்க நிரந்தரமா ஓடணும், இப்பத்திக்கு அது இல்ல.